கிகுயோ அம்மையார் காலிழந்த குதிரையைக் கடல் கடத்திய படலம்

வாழி கிகுயோ! பனிமுடி சூடிய கூரைகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கும் கனாசவா மாநகரில், ஆற்றங்கரைத் தெருவின் அணிவிளக்கே! ரப்பர்த் துண்டில் உயிர்களைச் செதுக்கி எழுப்பும் ஒப்பற்ற விரலாளே! ஸ்டாம்ப் பேட் என்று உலகோர் வழங்கும் வண்ண மைத்தட்டுகளின் தனிப்பெருந் தலைவியே! சித்திரத் தாள்களை வாங்கி வாங்கி அடுக்கி, வெட்ட மனமின்றி அலமாரியில் பூட்டிக் காக்கும் பெருங்கருமியே! உன் வீரத்தைப் பாடப் புகுந்தேன். கலைமகளே, வேறெங்கும் அவசர வேலை இல்லையென்றால் சற்றே வந்து என் நாவில் அமர்வாயாக. நெடுநேரம் பிடிக்காது, ஒரு தபால் அட்டை அளவுக் கதைதான்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் அவர்களுடைய அடுத்த வீட்டுக்காரன். இடையில் இருப்பது மரச்சுவர். கிகுயோவின் கணவர் ஷோஹெய் இருமினால் என் வீட்டுத் தேநீர்க் கோப்பை அதிரும். எஞ்சியதைக் கிகுயோவே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லாததை நான் சேர்த்திருக்கிறேன்.

முதற்கண் போரறம் கேண்மின். இந்நாட்டார் ஆண்டுதோறும் சுற்றம், நட்பு, பழைய அலுவலகம், பல் மருத்துவர் ஈறாக அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்து அட்டை விடுப்பர். அவை யாவும் தபால் நிலையத்தில் தவங்கிடந்து, ஆண்டின் முதற் காலையில் ஒருசேரப் புறப்பட்டு வீடுதோறும் சென்று சேரும். நாம் அனுப்பாத ஒருவரிடமிருந்து அட்டை வந்துவிட்டதோ, போயிற்று மானம். ஓடோடிப் பதில் அனுப்பியாக வேண்டும். அந்தப் பதில் வெட்கத்தோடு இரண்டு மூன்று நாள் பிந்திப் போய்ச் சேரும். பெறுபவர் அதைக் கண்டதுமே, 'ஓகோ, நம்மைக் கழித்துக் கட்டியிருந்தார்கள்' என்று அறிந்துகொள்வார். ஆனாலும் வாய் திறந்து ஒரு சொல் சொல்ல மாட்டார். சொல்லாமல் இருப்பதில்தான் இவர்களுடைய கோபம், அன்பு, நாகரிகம் எல்லாம் இருக்கின்றன.

இனி எதிர்ப்படையின் தலைவியைக் காண்போம். தொலைவிலுள்ள நகோயா நகரில் வீற்றிருப்பவள், ஹமதா என்னும் அம்மையார். முன்னொரு காலத்தில் கம்பெனிக் குடியிருப்பில் கிகுயோவுக்குப் பக்கத்து வீடு. பிள்ளை பெற்ற கையோடு கிகுயோ காய்ச்சலில் கிடந்தபோது, வேளை தவறாமல் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து ஊட்டியவள் இவள்தான். பிறகு இருவரும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தனர். பார்த்துப் பல காலம் ஆயிற்று. அட்டை மட்டும் ஆண்டுதோறும் போய்வந்தது. அதில் எழுத ஒன்றும் இல்லை. 'உடல்நலம் பேணுங்கள்' என்று இவள் எழுத, 'தாங்களும் பேணுங்கள்' என்று அவள் எழுத, இருவரும் பேணிப் பேணி அலுத்துப்போனார்கள்.

அலுப்பு முற்றியபோது போர் மூண்டது. போர்ப்பறை முழங்காத, குருதி சிந்தாத, யார் முதலில் நிறுத்துவது என்னும் மௌனப் பெரும்போர். இரண்டாண்டுக்கு முன் ஹமதாவின் அட்டை நான்காம் நாள்தான் வந்தது. நிறுத்தப் பார்த்திருக்கிறாள், கிகுயோவின் அட்டை போய்க் கெடுத்துவிட்டது என்பது வெட்டவெளிச்சம். கிகுயோ அந்தக் குறிப்பை மதித்து மறு ஆண்டு அனுப்பாமல் இருந்தாள். ஹமதாவோ போன முறைக்குப் பரிகாரமாக முதல் நாள் காலையிலேயே அனுப்பித் தொலைத்தாள். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தவித்த கிகுயோ, மூலைக்கடையில் அச்சடித்து விற்கும் அட்டை ஒன்றை வாங்கி அனுப்பினாள். ரப்பர் செதுக்குவதில் மாவட்டப் பொருட்காட்சி வரை போய்வந்த கை அது. வெட்கக்கேடு.

ஆகவே இவ்வாண்டு, பன்னிரு விலங்குகள் முறைவைத்து ஆளும் இந்நாட்டு ஆண்டுகளில் குதிரை ஆண்டு பிறக்குமுன், கொதாட்சு என்னும் வெப்ப மேசையின் போர்வைக்குள் கால்களை நீட்டியவாறே மந்திராலோசனை நடந்தது. மகன் பிறந்த நாள் தொட்டு ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றே அழைத்துவரும் இணையர் அவர்கள். இந்நாட்டில் அதுதான் வழக்கம். மகன் ஊரைவிட்டே போய்விட்டான், பட்டம் மட்டும் தங்கிவிட்டது.

பெயரோடு 'சான்' என்னும் மரியாதை விகுதியைச் சேர்த்தே கிகுயோ பிரகடனம் செய்தாள்: "இந்த வருஷம் ஹமதா-சானுக்கு அனுப்பப் போறதில்ல. போன வருஷம் கடை அட்டையப் பாத்தே அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். அவங்களும் அனுப்ப மாட்டாங்க. பாத்துக்கிட்டே இருங்கப்பா."

ஷோஹெய், பேருந்துக் கம்பெனியில் கால அட்டவணை போட்டு ஓய்வுபெற்ற பெருமகன், செய்தித்தாளின் எண்புதிரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "சரிம்மா" என்றார். வரலாற்றின் பேரழிவுகள் பலவும் இப்படிப்பட்ட ஒரு 'சரி'யில்தான் தொடங்கியிருக்கின்றன.

பிறகு டிசம்பர் முழுதும் அவ்வீடு பாசறையாயிற்று. பெரிய ரப்பர்க் கட்டி ஒன்றில் கிகுயோ குதிரை செதுக்கினாள். அடடா, அது குதிரையா, காற்றா! பிடரி சிலிர்க்க, நாசி விரிய, முன்னங்கால் இரண்டும் வானை உதைக்க, பின்னங்கால் இரண்டும் மண்ணை வெறுக்க, நாற்கால் பாய்ச்சலில் பறக்கும் புரவி. அதைச் செந்நிற மையில் ஒற்றி, அடியில் பூப்போட்ட தாளில் ஒரு கீற்று ஒட்டி, ஓரத்தில் பொன்னிற மை தொட்டு, அட்டைகள் வரிசை வரிசையாகப் படைநடை போட்டுத் தபால் நிலையம் சென்றன. வேலை முடிந்ததும் கத்தி, பசை, மைத்தட்டு, குதிரை யாவற்றையும் மேசை மேலேயே போட்டுவிட்டு அவள் புத்தாண்டுச் சமையலுக்கு எழுந்து போனாள். எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

ஆண்டு புலர்ந்தது. பனி பெய்து ஓய்ந்த அந்தக் காலையில், பசையரிசிச் சோற்றை இடித்துப் பிடித்த மோச்சிக் கட்டிகள் தெளிந்த சாற்றில் மிதக்க, அதைக் கணவனும் மனைவியும் பருகி முடிக்கும் வேளையில், சிவப்பு மோட்டார் சைக்கிளேறித் தபால்காரர் வந்தார். ரப்பர் வளையம் இட்ட கட்டைக் கிகுயோ கொதாட்சுவில் பரப்பினாள். பல் மருத்துவர் வந்திருந்தார். மைத்துனி வந்திருந்தாள். கட்டின் நடுவே, புற்றிலிருந்து தலைநீட்டும் பாம்பைப் போல், நகோயா ஹமதா வந்திருந்தாள்.

அதுவும் எப்படி வந்திருந்தாள்! வாழ்நாளில் ஒருமுறையும் கையால் அட்டை செய்தறியாத ஹமதா, இம்முறை உருளைக்கிழங்கை வெட்டி அச்சாக்கி, பழுப்பு மையில் தோய்த்து, ஒரு விலங்கை ஒற்றியிருந்தாள். நாயோ, குதிரையோ, பெருச்சாளியோ என்று ஐயுறத்தக்க உருவம். ஆனால் கையால் செய்தது. கையால் செய்ததற்குக் கையால்தான் பதில் சொல்ல வேண்டும். இம்முறை கடை அட்டை அனுப்பினால் அது பகைமைப் பிரகடனம். கிகுயோவுக்கு ஹமதாவைப் பிடிக்காமல் இல்லை. பிடிக்கும் என்பதுதான் தொல்லையே. கஞ்சி ஊட்டிய கையை இரண்டாம் முறையும் அவமதித்தவள் என்ற பெயரோடு இருக்க அவளால் முடியாது.

எழுந்தாள் வீராங்கனை. சட்டைக் கையைச் சுருட்டினாள். இன்றே செய்து இன்றே அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டால் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துவிடும். அப்போது பனியின் மேல் பழிபோட்டுத் தப்பலாம். இதுவே போர்த்திட்டம். படைக்கலக் கணக்கெடுத்தாள். வெற்று அட்டை ஒன்றே ஒன்று மிச்சம். சறுக்கினால் மறுமுயற்சி கிடையாது. அதனால் முன்னோட்டமாகக் குதிரையை எடுத்து மையில் தோய்த்து, கணவர் மடித்து வைத்திருந்த செய்தித்தாளின் ஓரத்தில் அழுத்தி எடுத்தாள்.

தாளில் கிடந்தது காது முளைத்த ஒரு தலையணை.

உற்று நோக்கினாள். பிடரி இருந்தது, நாசி இருந்தது. வயிற்றுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வானை உதைத்த கால்களும் இல்லை, மண்ணை வெறுத்த கால்களும் இல்லை. ரப்பரைத் திருப்பிப் பார்த்தாள். கால்கள் இருந்த பக்கம் வழவழவென்று தேய்ந்து உருண்டிருந்தது. தாளின் நடுவே எண்புதிர். புதிரின் கட்டம்தோறும் அழித்து அழித்து எழுதிய தடம். தடம்தோறும் இளஞ்சிவப்புத் தீற்றல்.

"அப்பா," என்றாள் கிகுயோ. அந்தக் குரல் மரச்சுவரைக் கடந்து வந்து எங்களையும் நிமிர வைத்தது. "குதிரைக்குக் கால் எங்க?"

தொலைக்காட்சியில் நெடுந்தூரத் தொடரோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஷோஹெய், திரும்பிப் பார்த்துச் சற்றே யோசித்தார். அறிவு மெல்ல மெல்ல உதித்தது.

"அது ரப்பர்தானேம்மா. அழிச்சா செவப்பா வருதே, என்ன எழவு ரப்பருன்னு அப்பவே நெனச்சேன்."

அது ரப்பர்தான். அழிக்கத்தான் பிறந்தது. நாற்கால் பாய்ச்சலில் பறந்த அந்த உத்தமப் புரவி, ஒன்பதா ஆறா என்று முடிவு செய்ய முடியாத ஒரு மனிதரின் ஐயத்தில் தேய்ந்து பொடியாகி, அவருடைய மடியிலிருந்து தட்டிவிடப்பட்டிருந்தது. வேறு ரப்பர் வீட்டில் இல்லை. கடைகள் யாவும் புத்தாண்டு விடுமுறை. இருக்கிற குதிரையை வைத்துத்தான் களம் காண வேண்டும்.

துன்பம் தனியே வருவதில்லை என்பதை மெய்ப்பிக்கவோ என்னவோ, சிவப்பு மைத்தட்டும் கைவிட்டது. மூடி திறந்தே கிடந்ததில் முன்னோட்டத்தோடு அதன் உயிர் அடங்கிற்று. விரலால் அழுத்தினால் காய்ந்த ரொட்டி போல் இருந்தது. நீலம் இருந்தது, ஆனால் நீலக்குதிரை மங்கலமாகாது. ஒரு கணம் நின்றாள். மறுகணம், வங்கிப் புத்தகமும் வீட்டுப் பத்திரமும் உறங்கும் இழுப்பறையைச் சடாரென்று இழுத்தாள். அங்கே இருந்தது, கையெழுத்துக்குப் பதிலாக இந்நாட்டார் குத்தும் குடும்ப முத்திரைக்குரிய குங்கும நிற மைக்குழம்பு. வீடு வாங்கியபோதும் மகனைக் கல்லூரியில் சேர்த்தபோதும் மட்டுமே திறக்கப்பட்ட அரும்பொருள். ஷோஹெய் எழ முயன்றார். கிகுயோ பார்த்த பார்வையில் அமர்ந்துவிட்டார்.

ஒற்றினாள். என்ன நிறம்! உதயசூரியன் வெட்கப்படும் சிவப்பு. காலில்லாத குதிரையானாலும் அது அரசகுலத்துத் தலையணையாக மின்னிற்று.

இனிக் கால். கால்களை வரையலாமே என்று நீங்கள் எண்ணலாம். கிகுயோவுக்குச் செதுக்க வருமேயன்றி வரைய வராது. வரைந்தால் ஹமதாவின் பெருச்சாளிக்குத் துணையாகிவிடும். வேறு வழி தேடி அலமாரியைத் திறந்தாள். அங்கே, அடுக்கின் அடியாழத்தில், மெல்லிழைத் தாளில் சுற்றி, கியோத்தோவில் வாங்கிய அந்த ஒரு தாள் கிடந்தது. கருநீல அலைகள், அலைமேல் அலை, மீன்செதில் போல் அடுக்கிய அலைகள், ஒவ்வோர் அலைக்கும் மயிரிழைப் பொன் ஓரம். வாங்கிய நாள் முதல் வெட்டப்படாதது. மகன் திருமண அழைப்புக்குக்கூட அவள் அதை வெட்டவில்லை. எடுத்துப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், திரும்பச் சுற்றி வைப்பாள். அவ்வளவுதான் அதன் பயன்.

அலைகளைப் பார்த்தாள். காலில்லாத குதிரையைப் பார்த்தாள். கடலில் இறங்கிய குதிரைக்குக் கால் தெரியவேண்டியதில்லை.

ஆயினும் கை எழவில்லை. வெட்டாமல் வைத்திருக்கும்வரை அந்தத் தாளால் எதையும் செய்யலாம். வெட்டிவிட்டால் ஒன்றைத்தான் செய்திருப்போம். இது தாள் சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் உள்ள நோய். மருந்து இல்லை. கத்தி தாளின் மேல் வெகுநேரம் அந்தரத்தில் நின்றது. தொலைக்காட்சியில் ஓட்டக்காரன் ஒருவன் தோளில் அணிந்த கச்சையைக் கழற்றி அடுத்தவன் கையில் திணித்துவிட்டுத் தரையில் விழுந்தான். அதைப் பார்த்தோ பாராமலோ, கிகுயோ கத்தியைக் கீழே வைத்தாள். தூரிகையை நீரில் நனைத்து, அலைகளின் குறுக்கே ஈரக்கோடு ஒன்று இழுத்தாள். இரு கையாலும் பற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கிழித்தாள்.

கிழிந்த விளிம்பில் நார் நாராக வெண்மை பொங்கியது. கத்தியால் வெட்டியிருந்தால் வெறும் தாள். கையால் கிழித்ததால் நுரை.

ஒட்டினாள். குதிரை கடலில் மார்பளவு இறங்கிப் பொன்னலை பிளந்து வந்தது. அப்படியே விட்டிருக்க வேண்டும். நேராக்குகிறேன் பேர்வழி என்று கை நீட்டினாள். முத்திரை மை எண்ணெய் மை, எளிதில் உலராது என்பது நினைவில்லை. சட்டைக் கை குதிரையின் பின்புறத்தை உரசி, ஒரே இழுப்பில், அட்டையின் விளிம்புவரை செந்தீற்றல் ஒன்றை வரைந்துவிட்டது.

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். உண்மையாகவே அழுகை வந்தது. ஒரே அட்டை, ஒரே தாள், எல்லாம் போயிற்று.

ஷோஹெய் எட்டிப் பார்த்தார். ஆறுதல் சொல்லும் கலை அறியாதவர். கண்ணில் பட்டதைச் சொன்னார்.

"ஓடுற குதிரைக்கு வால் இப்படித்தானேம்மா பறக்கும்."

விரல் இடுக்கு வழியே பார்த்தாள். ஆமாம். அது வால்தான். செதுக்கியதைவிட நீண்ட, காற்றை அறிந்த வால். அழிரப்பர் குற்றத்தில் பாதியை அந்தக் கணமே மன்னித்தாள். மீதியை இன்றுவரை மன்னிக்கவில்லை.

பின்னர் சமையலறைக்கு ஓடி, மோச்சி ஒட்டாமலிருக்கத் தூவும் மாவை எடுத்துவந்து ஈர மைமேல் சிறிதே தூவி ஊதினாள். எண்ணெய் அடங்கிற்று. ஒட்டியது ஒட்டிக்கொண்டு நீர்த்திவலையாக மின்னியது. பெயர், முகவரி, வழக்கம்போல் 'உடல்நலம் பேணுங்கள்'. எழுதி முடித்துக் கணவரின் முழங்கால் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பனியில் இருமுறை சறுக்கி, மும்முறை சமாளித்து, தெருமுனைச் செம்பெட்டியின் வாயில் அந்தக் குதிரையைச் செலுத்தினாள். செலுத்திய கை திரும்பும்போது வெற்றித் திருமகள் அவளுக்கு மாலை சூட்டியிருக்க வேண்டும். பனி கிடந்ததால் வரவில்லை போலும்.

வெற்றி என்றே நாங்களும் நினைத்தோம். மூன்றாம் நாள் நண்பகல் தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் ஹமதா. அட்டையன்றிக் குரலாக அவள் வந்தது எத்தனையோ காலத்துக்குப் பின் அதுவே முதல் முறை. கிகுயோ முந்திக்கொண்டு, இங்கே ஒரே பனி, தபாலெல்லாம் தாமதம் என்றாள். ஹமதா நாகரிகமாக, ஆமாம், பனியென்றால் அப்படித்தான் என்றாள்.

"கிகுயோ-சான், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே," என்றாள் தொடர்ந்து. "போன வருஷம் உங்ககிட்டருந்து கடை அட்டை வந்துச்சா, எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. கைக்கு என்னமோ ஆயிருச்சு, செதுக்க முடியல போலன்னு நெனச்சுக்கிட்டேன். கேக்கவும் பயம். அதான் இந்த வருஷம் நானே கெழங்க வெட்டி ஏதோ பண்ணி அனுப்பினேன். நாய் மாதிரி வந்திருச்சு, சிரிச்சிருப்பீங்க."

சிரிக்கவில்லை என்றாள் கிகுயோ. அது பொய்.

"உங்க குதிரையப் பாத்ததும்தான் எனக்கு உயிரே வந்துச்சு. எப்படி ஓடுது அது! கை நல்லாத்தான் இருக்கு. செருப்பு அலமாரி மேல வெச்சிருக்கேன், வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க. நெசத்தச் சொன்னா, வயசாயிடுச்சு, இந்த வருஷத்தோட அட்டைய நிறுத்திக்கலாம்னுதான் இருந்தேன். இனிமே மாட்டேன். உசுரு இருக்கறவரைக்கும் அனுப்புவேன். நீங்களும் விட்டுறாதீங்க."

மௌனப் பெரும்போர் அவ்விடத்தே முற்றுப்பெற்றது. அன்று மட்டும் குதிரை காலில்லாத் தலையணையாகவே போயிருந்தால் இருவருக்கும் விடுதலை. கால் தேய்த்த கணவர், கடல் கொடுத்த தாள், வால் கொடுத்த சட்டைக் கை, எல்லாரும் சேர்ந்து ஓர் அற்புதத்தை ஆக்கி, அந்த அற்புதத்தால் அவளை ஆயுள் முழுதுக்கும் கட்டிப்போட்டார்கள். வென்றவள் சிறைப்பட்டாள். ஆனால் போனை வைத்த பிறகு அவள் அழுததும், அழுதுகொண்டே சிரித்ததும் மரச்சுவர் வழியே எங்களுக்குக் கேட்டது. நகோயாவில் ஒருத்தி ஓராண்டு முழுதும் இவள் கையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆண்டுகள் பன்னிரண்டும் அவற்றின் விலங்குகள் பன்னிரண்டும் இடையறாது சுழல்க! அவற்றைச் செதுக்கும் விரல்கள் நடுங்காது நிலைக்க! ஆறும் மையும் வற்றாதிருக்க! அலமாரியில் எஞ்சிய அலைத்தாள், இனியேனும் அஞ்சாது கிழிபடுக! புதிர்கள் யாவும் முதல் முயற்சியிலேயே விடைகொள்க!

கடை திறந்ததும் கிகுயோ போய் ரப்பர் இரண்டு வாங்கி, ஒன்றை ஷோஹெய்யிடம் கொடுத்தாள்.